டேவிட் சுசூகிய நீங்க எங்க சந்திச்சீங்க? எனக்கு மாங்கூழ் ஃபேக்டரி ஈ மூலமா

சந்தூரான்:

சீசன் ஆரம்பிச்சிடுச்சு, பெங்களூரா மாங்கா ஏத்தின வண்டிங்க ரோட்டோரம் வரிசையா நிக்கிது, இந்த டைம் வந்தாலே எனக்கு ஒருத்தர் ஞாபகம் வரும், அவர் மாங்கா வியாபாரியும் இல்ல நம்ம ஊர்க்காரரும் இல்ல, கனடாக்காரர். டேவிட் சுசூகி. ஈ ஆராய்ச்சி பண்ணிட்டு அப்புறம் ரேடியோ, டிவியில அறிவியல் பேசப் போனவர். இந்த குரூப்ல பாதிப் பேருக்கு அவர தெரியாதுன்னு நினைக்கிறேன், தெரிஞ்சவங்க எப்படி தெரிஞ்சிக்கிட்டீங்கன்னு எழுதுங்க, முதல்ல என் கதை.

பி.எஸ்சி. விலங்கியல் ரெண்டாம் வருஷம். லீவுக்கு ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில குவாலிட்டி செக்ஷன்ல தினக்கூலிக்கு சேர்ந்தேன், வேலை என்னன்னா கூழ எடுத்து கண்ணாடியில ஒரு சொட்டு விட்டு இனிப்பு அளவு பாத்து நோட்டுல எழுதணும், அவ்ளோதான். ஃபேக்டரிக்கு பின்னாடி கொட்டையும் தோலும் மலை மாதிரி கிடக்கும். சாயங்காலம் அங்க போனா மூஞ்சில, வாயில எல்லாம் பொடிப்பொடியா ஈ வந்து மோதும், டீ டம்ளர்ல ரெண்டு மிதக்காம டீ குடிச்ச நாளே கிடையாது.

காலேஜ் திறந்ததும் எங்க ஜெனிடிக்ஸ் சார்கிட்ட இதை சொல்லிப் புலம்பினேன். அவர் சிரிச்சிட்டு, அந்த ஈயிலதான்டா பாதி மரபியலே கண்டுபிடிச்சாங்கன்னு சொல்லி லேப்ல ஒரு பாட்டில எடுத்துக் காமிச்சார். ரவை, வெல்லம், அகர் போட்டு காய்ச்சின கூழு, மேல பஞ்சு அடைப்பு, உள்ள அதே ஈ. டிரோசோஃபிலா. (நம்ம தோட்டக்காரங்க பழ ஈன்னு சொல்லி பொறி கட்டி புடிக்கிறாங்களே அது வேற சாதி, அது நல்ல காயிலயே குத்தி முட்டை வைக்கும், இது அழுகினதத் தேடி வர்றது. இது ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சி நான் எங்க மாமாகிட்ட பெரிய லெக்சர் குடுத்து அசிங்கப்பட்டது தனிக்கதை.)

அப்பதான் சார் சொன்னார், வான்கூவர்ல சுசூகின்னு ஒருத்தர், 1971ல அவரும் அவர் கூட இருந்தவங்களும் ஒரு ஈ வகையப் பத்தி எழுதினாங்க, அது 22 டிகிரியில சாதாரணமா நடக்கும் பறக்கும், 29 டிகிரிக்கு சூடு ஏத்தினா கட்டை மாதிரி விழுந்துடும், செத்துப் போச்சுன்னு நினைப்போம், திரும்ப குளிர வச்சா உடனே எழுந்து ஒண்ணுமே நடக்காத மாதிரி போயிடும்னு. நரம்புல சோடியம் நுழையற வாசல் சூட்டுல வேலை செய்யாம போயிடுது, அதான் காரணம், அந்த ஈயில மாறிப் போயிருந்தது அந்த வாசலோட ஜீன்தான்னு பின்னாடி தெரிய வந்துச்சு. நான் வாய பொளந்துட்டேன். சுசூகின்னதும் பைக் கம்பெனி ஓனர் குடும்பம்னுதான் நினைச்சேன், அதுவும் இல்லையாம்.

எனக்கு ஒட்டிக்கிட்டது அடுத்து சார் சொன்னதுதான். இவ்வளவு பெரிய ஆளு, 25 வயசுல சிகாகோவுல டாக்டர் பட்டம், 1963லருந்து பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல வாத்தியார், அவர் கொஞ்சம் கொஞ்சமா ஈ பாட்டில வச்சிட்டு மைக்க புடிச்சிட்டார். 1975ல கனடாவோட அரசு ஒலிபரப்பு சி.பி.சி. ரேடியோவுல அறிவியல் நிகழ்ச்சி, 1979லருந்து டிவியில 'தி நேச்சர் ஆஃப் திங்ஸ்', அதுல 2023 வரைக்கும் 44 வருஷம். எங்க சாருக்கு இதுல வருத்தம். "ஆராய்ச்சியிலயே இருந்திருந்தா எங்கயோ போயிருப்பான்டா"ன்னு ஏதோ சொந்தத் தம்பி படிப்ப விட்டுட்ட மாதிரி சொல்வார். நான் அதுல இன்னிக்கு வரைக்கும் சார் கூட ஒத்துப் போகல, ஏன்னு கடைசியா சொல்றேன், இப்ப ஷிஃப்ட்டு.

ஓசூர் பையன்:

நான் அவர நேர்லயே பாத்தேன். நேர்லன்னா கடைசிக்கு முந்தின வரிசையில இருந்து, தலை சுண்டக்கா அளவு தெரிஞ்சிது. கனடா வந்த புதுசு, அவர் பேசற கூட்டம், ஓசி என்ட்ரி, உள்ள ஹீட்டர் இருக்கும், அதுக்குத்தான் போனேன், உண்மைய சொல்லிடறேன். வெள்ளை தாடி, கண்ணாடி, குரல் மட்டும் அந்த வயசுக்கு கணீர்னு இருந்துச்சு.

அவர் ரொம்ப வருஷமா எல்லா மேடையிலயும் சொல்ற ஒரு கணக்கு இருக்கு, அதைத்தான் அன்னிக்கும் சொன்னார். ஒரு டெஸ்ட் ட்யூப் நிறைய சாப்பாடு. உள்ள ஒரே ஒரு பாக்டீரியா. நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெட்டிப்பாகும், 60வது நிமிஷம் ட்யூப் ரொம்பி சாப்பாடு காலி. அப்ப பாதி ரொம்பியிருந்தது எப்போ? நான் மனசுக்குள்ள 30னு சொல்லிட்டேன் (இஞ்சினியரிங் டிகிரி, வெக்கமா இருந்துச்சு). 59வது நிமிஷம். 55வது நிமிஷத்துல 3 சதவீதம்தான் ரொம்பியிருக்கும், அப்ப ஒரு பாக்டீரியா எழுந்து 'டேய் நமக்கு பிரச்சினை வருது'ன்னு சொன்னா மத்ததெல்லாம் சிரிக்கும், 97 சதவீதம் காலியா கிடக்குது என்னடா உளர்றன்னு. சரி, 59வது நிமிஷத்துல பதறிப்போயி எப்படியோ இன்னும் மூணு ட்யூப் கண்டுபுடிச்சிட்டாங்கன்னு வை. எவ்வளவு டைம் கிடைக்கும்? 61ல ரெண்டாவது ரொம்பிடும், 62ல நாலும் காலி. மூணு உலகம் புதுசா கிடைச்சும் மிச்சம் ரெண்டே நிமிஷம்.

ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு சிரிப்பு வரல. எங்கப்பா ஞாபகம். கெலமங்கலம் பக்கம் மூணு ஏக்கர், தாத்தா காலத்துல கெணறு, ஏத்தம் எறைச்சாங்களாம். நான் அஞ்சாவது படிக்கும்போது முதல் போர்வெல் போட்டோம், 300 அடி, தண்ணி பீச்சி அடிச்சப்ப ஊரே வந்து நனைஞ்சிது, அம்மா மஞ்சள் குங்குமம் வச்சி கற்பூரம் காமிச்சாங்க. ரெண்டாவது 750. மூணாவது 1,200 அடி, அதுல வெறும் புகைதான், ராத்திரி முழுக்க வெள்ளை மாவு மாதிரி பாறைத் தூசி பறந்து கொய்மல்லி மேலெல்லாம் படிஞ்சி கிடந்தது, வண்டிக்காரன் காலையில அடிக்கு இவ்ளோன்னு கணக்கு போட்டு வாங்கிட்டு கிளம்பிட்டான். ஒவ்வொரு போரும் போடும்போது எங்கப்பா இதான் கடைசின்னு சொன்னார். மூணு ட்யூப் கதைய கேட்டப்ப இந்த ஆளு எங்க தோட்டத்துக்கு எப்ப வந்தாருன்னு தோணிச்சு.

கூட்டம் முடிஞ்சி கைகுடுக்க வரிசை நின்னுச்சு. நான் நிக்கல. பஸ்ஸு போயிடும்.

டேம் கேம்ப்:

நான் எழுதலாமான்னு தெரியல, அவர பாத்ததில்ல, ஒரு வீடியோவுல கேட்டதுதான்.

எல்லாரும் ஈ, டிவின்னு பேசறீங்க. எனக்கு அவர்னா அந்த கேம்ப்தான். 1942ல அவருக்கு ஆறு வயசு. அவங்க அப்பா அம்மாவே கனடாவுல பொறந்தவங்க, வீட்டுல இங்கிலீஷ்தான், ஜப்பான் எந்தப் பக்கம்னே இவருக்குத் தெரியாது. ஆனா ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பானோட சண்டை வந்ததும் ஜப்பான் மூஞ்சி இருக்கிற எல்லாரையும், 20,000 பேருக்கு மேல, கடலோரத்துல இருந்து கிளப்பிட்டாங்க. அப்பாவ ரோடு போடற வேலைக்கு தனியா அனுப்பிட்டாங்க, வச்சிருந்த துணி வெளுக்கிற கடைய அரசாங்கம் வித்துடுச்சி, அம்மாவும் புள்ளைங்களும் ஸ்லோகன்ங்கிற மலைப் பள்ளத்தாக்குல போயி அடைஞ்சாங்க. அங்க இருந்த மத்த பசங்க ஜப்பான் பாஷை பேசுவாங்க, இவருக்கு வராது, அதுக்கும் அடி உதை. அதனால தனியா ஏரிப்பக்கம், காட்டுப்பக்கம் சுத்தினாராம். காடு அப்படித்தான் பழக்கமாச்சாம்.

நான் பொறந்தது இதே மாவட்டத்துல, டேம் பக்கத்து அகதிகள் கேம்ப்ல. அப்பா அம்மா இலங்கையில இருந்து கடல் தாண்டி வந்தவங்க. எனக்கு அந்தக் கடல பாத்த ஞாபகமே கிடையாது, ஏன்னா பாத்ததில்ல. ஸ்கூல்ல ஊர் எதுன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாம நிப்பேன். மாசத்துக்கு ஒரு நாள் செக்கிங், அன்னிக்கு எங்கயும் போக முடியாது, வரிசையில நின்னு தலைய காட்டணும். மத்த நாளெல்லாம் டேம் கரைதான், ஜிலேபி மீனு தூண்டில் போட்டு புடிப்போம், எந்த மதகுப் பக்கம் எந்த நேரம் கொத்தும்னு இப்ப கண்ண மூடிக்கினு சொல்வேன்.

அவங்களுக்கு 1988ல கனடா அரசாங்கம் மன்னிப்பு கேட்டு பணமும் குடுத்திச்சி. 46 வருஷம் ஆச்சு அதுக்கு. இத படிச்சன்னிக்கு விரல் விட்டு எங்க வருஷத்த எண்ணிப் பாத்தேன்.

பென்னாகரம் டீச்சர்:

@டேம் கேம்ப் எழுதினதுக்கு அப்புறம் நான் எழுதறது சப்புன்னு இருக்கும், பரவால்ல.

நான் அவர் பொண்ணு மூலமா வந்தேன். செவர்ன். 1992ல ரியோவுல நடந்த பூமி மாநாட்டுல உலகத் தலைவருங்க முன்னாடி நின்னு பேசினப்ப அந்தப் பொண்ணுக்கு 12 வயசு. நாலஞ்சு நிமிஷத்துக்கு மேல இருக்கும், சரி பண்ணத் தெரியலன்னா உடைக்கறத நிறுத்துங்கன்னு கேக்கும். எங்க ஏழாம் வகுப்புல ஸ்மார்ட் போர்டு வந்த புதுசுல அதைப் போட்டேன், நடுநடுவுல நிறுத்தி நிறுத்தி தமிழ்ல சொன்னேன், சொல்லும்போதே தொண்டைய அடைக்குது எனக்கு. முடிஞ்சதும் என்ன புரிஞ்சிதுன்னு கேட்டேன், ஓசோன், காடு, மீனுன்னு ஏதாவது வரும்னு பாக்கறேன், மூணாவது பெஞ்சுல இருந்து ஒருத்தி கை தூக்கி, "மிஸ், அந்த அக்கா பல்லு எவ்ளோ வெள்ளையா இருக்குது, அவங்க ஊர்ல போர் தண்ணி இல்லையா?"

வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது. நம்ம தர்மபுரி பக்கம் பாறைக்குள்ளயே ஃப்ளோரைடு, அது போர் தண்ணியில கலந்துடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போனாலே கெடுதல், பல்லு வளர்ற வயசுல அந்தத் தண்ணிய குடிச்ச புள்ளைங்களுக்கு காவிக் கோடு விழுந்துடும், தேய்ச்சாலும் போகாது, முத்திப் போனா எலும்பு மூட்டு வரைக்கும் போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே இதுக்குத்தான். இப்ப இருக்கற சின்னப் புள்ளைங்களுக்கு எவ்வளவோ தேவலை. ஆனா குழாயில தண்ணி வராத நாள் என்ன பண்ணுவாங்க, பக்கத்துல இருக்கற கைப்பம்புதான.

அந்தப் பொண்ணு பேசும்போது வாய்ல கை வச்சி மறைச்சிக்கிட்டே பேசுவா, அன்னிக்கும் அப்படித்தான் கேட்டா. உடனே அடுத்த வாரம் ஃப்ளோரைடு டெஸ்ட் கிட் வாங்கி, புள்ளைங்கள வீட்டுல குடிக்கிற தண்ணிய வாட்டர் கேன் மூடியில பேரு எழுதி கொண்டு வரச் சொன்னேன். கலர் மாறுறத பாத்து அவங்களே சார்ட்ல குறிச்சாங்க. சுசூகி 44 வருஷம் டிவியில செஞ்ச வேலைய நான் ரெண்டு பீரியட்ல செஞ்சிட்டேன்னு பீத்திக்கல, ஆனா கொஞ்சம் பீத்திக்கிறேன்.

கரண்ட் ஆபீஸ் ரிடையர்டு:

எல்லாரும் கோயில் கட்டாதீங்கப்பா. ஊருக்கு உபதேசம் பண்ண உலகம் பூரா பிளேன்ல பறந்தவர்தான். ஜனத்தொகை பெருகுதுன்னு பாக்டீரியா கணக்கு சொன்னவருக்கு அஞ்சு புள்ளைங்க. 2013ல ஆஸ்திரேலியா டிவியில ஒருத்தர் வெப்பநிலை பதிவு வரிசைங்க பேரெல்லாம் சொல்லி கேள்வி கேட்டப்ப அதெல்லாம் என்னன்னே தெரியாம முழிச்சார், வீடியோ இருக்கு பாருங்க. சயின்டிஸ்ட்னு சொல்லிக்கினு உக்காந்தா அது தெரிய வேணாமா?

சந்தூரான்:

நைட் ஷிஃப்ட் முடிஞ்சி வந்தேன். ரிடையர்டு ஐயா சொன்னது எல்லாம் நடந்ததுதான், மறைக்க ஒண்ணும் இல்ல. அந்த ஆஸ்திரேலியா வீடியோ பாக்கவே சங்கடமா இருக்கும். அவர் படிச்சது ஈ, கேட்டது வானிலை, தெரியலன்னா தெரியலன்னு ஆரம்பிச்சிருக்கலாம். ஒரு துறையில பெரிய ஆளுன்னு பேரு வந்துட்டா எல்லாத்துக்கும் நம்மகிட்டயே மைக்க நீட்டுவாங்க, அதுல வர்ற வினைதான் இது.

ஆனா எங்க சார் வருத்தப்பட்டாரே, அதுக்கு என் பதில் இதுதான். அவர் லேப்ப விட்டது சும்மா புகழுக்கு இல்லன்னு நான் நம்பறேன். தன் துறையோட பழைய வரலாற படிச்சிருக்கார். போன நூற்றாண்டு ஆரம்பத்துல பெரிய பெரிய மரபியல்காரங்களே ஒசந்த ரத்தம், தாழ்ந்த ரத்தம்னு எழுதினாங்க, அதைக் காட்டித்தான் ஒரு இனத்தையே சந்தேகப்பட்டு அடைக்கற புத்தி வளர்ந்துச்சு, தன்ன ஸ்லோகனுக்கு அனுப்பினதுல தன் சப்ஜெக்டுக்கும் பங்கு இருக்குன்னு அவரே சொல்லியிருக்கார். அதைத் தெரிஞ்சிக்கிட்டு திரும்ப வந்து சும்மா ஈ எண்ணிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா ஒரு மனுஷன்? அறிவியல் ஆளுங்க என்ன பண்றாங்கன்னு சாதாரண ஜனத்துக்கு தெரியணும்னு பேசப் போனார். 1989ல ரேடியோவுல பூமி தாங்குமான்னு ஒரு தொடர் பண்ணப்ப, சரி நாங்க என்ன பண்ணட்டும்னு ஆயிரக்கணக்குல லெட்டர் வந்துச்சாம், அடுத்த வருஷம் அவரும் அவர் மனைவி டாரா கல்லிஸும் சேர்ந்து சுற்றுச்சூழலுக்குன்னு ஒரு ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சாங்க.

2025ல, பருவநிலை மாற்றத்த தடுக்க இனிமே நேரம் கடந்து போச்சு, ஊர் ஊரா அவங்கவங்க தயாராகிக்க வேண்டியதுதான்ங்கிற மாதிரி பேசினார். 89 வயசு அப்ப. படிச்சிட்டு எனக்கு கோபம்தான் வந்துச்சு, 44 வருஷம் பேசிட்டு இப்படி கைய விரிச்சிட்டா எப்படின்னு. ரெண்டு நாள் கழிச்சி திரும்ப படிச்சப்ப வேற மாதிரி பட்டுச்சு, கை விரிச்ச மாதிரி தெரியல, அக்கம்பக்கத்துல யாருக்கு என்ன கஷ்டம், தண்ணி எங்க இருக்குதுன்னு பாத்து வச்சிக்கோங்கன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. எது சரின்னு நீங்களே படிச்சிட்டு சொல்லுங்க.

@ஓசூர் பையன் தம்பி, கேக்க மறந்துட்டேன், அப்பா நாலாவது போர் போட்டாரா?

ஓசூர் பையன்:

நேத்துதான் வீடியோ கால்ல காமிச்சார்ணா. தண்ணி எங்க இருக்குன்னு பாயிண்ட் பாக்க ஆளு வந்திருக்காரு, உள்ளங்கையில தேங்காய படுக்க வச்சிக்கினு தோட்டம் பூரா நடக்கறாரு, அப்பா பின்னாடியே போறார் சுண்ணாம்பு பொடிய கையில வச்சிக்கினு. கொய்யா மரத்துகிட்ட தேங்கா லேசா எழுந்துச்சாம்.