சனிக்கிழமை பெரியப்பாதான் எதிர்த்தரப்பு வக்கீல்

அத்தை: அண்ணா, சனிக்கிழமை காலேஜுக்கு வர முடியுமா? டிஜிட்டல் தடயவியல் பிள்ளைகளுக்கு ஒரு மாதிரி வழக்கு நடத்துகிறோம். எதிர்த்தரப்பு வக்கீலாக நீங்கள் நிற்க வேண்டும்.

பெரியப்பா: வருகிறேன்மா. என்ன வழக்கு?

அத்தை: வேலையை விட்ட ஒருவர் கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலைப் பென் டிரைவில் எடுத்துப் போய்விட்டார். ஆய்வகத்தையே ஆபீஸாக்கிவிட்டோம். மேசையில் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப், சார்ஜில் ஒரு போன், காலண்டருக்குப் பின்னால் பென் டிரைவ்.

நான்: அத்தை, சாஃப்ட்வேர் வைத்துக் கண்டுபிடிப்பதுதானே படிப்பு? நடிப்பு எதற்கு?

அத்தை: சாஃப்ட்வேர் எல்லாருக்கும் வந்துவிடும் கண்ணா. போன வருடம் மேனேஜராக நடித்த பெண், "சார், லேப்டாப் சூடாகுது, ஆஃப் பண்ணிடட்டுமா?" என்றாள். போலீஸாக வந்த பையன் சரி என்று தலையாட்டிவிட்டான். ஆஃப் செய்தால் அழிந்துவிடும் தற்காலிக நினைவகமான ராமில் (RAM) இருந்ததெல்லாம் போச்சு. போனையும் சிக்னலைத் தடுக்கும் ஃபாரடே பையில் போடவில்லை. வராந்தாவில் நின்ற இன்னொரு மாணவன் அதில் இருந்ததை அங்கிருந்தே அழித்துவிட்டான். பையன் முகத்தைப் பார்க்கணுமே! இனி ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

அண்ணன்: அடடா 😮

பெரியப்பா: கூண்டில் நான் எதைப் பிடித்துக் கேட்கட்டும்?

அத்தை: டிஜிட்டல் ஆதாரத்தோடு கோர்ட்டில் கொடுக்கும் 63ஆம் பிரிவுச் சான்றிதழை.

பெரியப்பா: பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 63. ஏ பகுதியில் தாக்கல் செய்பவர், பி பகுதியில் நிபுணர், இரண்டிலும் ஹாஷ் மதிப்பு வேண்டும். கைப்பற்றியபோது குறித்த ஹாஷும் இதுவும் ஒன்றுதானா என்றுதான் ஆரம்பிப்பேன்.

நான்: ஹாஷ் என்றால்?

அத்தை: கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு கமாவை எடுத்தாலும் ஷா-256 என்ற ஹாஷ் முறை தரும் 64 எழுத்து வரிசை அடியோடு மாறிவிடும். அதனால்தான் மூலத்தில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் மாட்டி நகலெடுத்து, நகலில் மட்டும் ஆராய்கிறோம்.

பெரியப்பா: அப்புறம் செயின் ஆஃப் கஸ்டடி, அதாவது ஆதாரம் யார் யார் கை மாறியது என்ற பதிவு. 11.40க்குக் கைப்பற்றிய பென் டிரைவ் 12.15க்குத்தான் உறைக்குள் போயிருக்கிறது. நடுவில் யார் கையில் இருந்தது? சோதனையை வீடியோ எடுத்தார்களா? புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு அதைக் கேட்கிறது.

அத்தை: அதேதான் அண்ணா. பாவம் பார்க்காதீர்கள். பதில் தெரியாதபோது "தெரியாது" என்று சொல்லாமல் ஊகத்தில் பேசுகிறார்கள், அதுதான் என் பெரிய கவலை. நிஜக் கோர்ட்டில் அந்த ஊகத்தை நம்பி ஒரு அப்பாவி உள்ளே போய்விடலாம்.

பெரியப்பா: விட மாட்டேன். முடிந்ததும் யார் எங்கே சறுக்கினார்கள் என்று உட்கார்ந்து பேச நேரம் வைத்திருக்கிறாயா?

அத்தை: மதியம் முழுக்க அதற்குத்தான்.

நான்: நானும் வரட்டுமா அத்தை?

அத்தை: வா. பென் டிரைவ் எடுத்தவராக நடிக்க ஆள் தேவை. 9 மணிக்கு ஆய்வகத்தில் இரு.