பொருள்: கிரிஸ்டலொயிட், கொலொயிட் – தமிழில் என்ன போடலாம்?

நுவரெலியாவிலிருந்து:
வணக்கம். தாதியருக்கான மயக்கமருந்துக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முழு மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு நாளத்தில் எதை ஏற்றுவது என்ற இடத்தில் சொல் இல்லாமல் நிற்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் எல்லாமே ‘சேலைன்’தான். ஆனால் 0.9 வீத உப்புநீரில் லீற்றருக்கு 154 மில்லிமோல் குளோரைட். இரத்தத்தில் ஏறக்குறைய 100தான். நிறைய ஏற்றினால் இரத்தம் அமிலப் பக்கம் சாயும். இரத்தத்தின் உப்புகளுக்குக் கிட்டியதாகச் செய்த ஹார்ட்மன் கரைசலில் 111. டெக்ஸ்ட்ரோஸில் சீனியை உடல் எரித்தபின் மிஞ்சுவது வெறும் தண்ணீர், சோடியம் இறங்கிவிடும். ஏற்றும் திரவங்கள் இரு வகை: உப்பு, சீனி போன்ற சிறு மூலக்கூறுகள் கரைந்தது கிரிஸ்டலொயிட், பெரிய மூலக்கூறுகள் கலந்தது கொலொயிட். இந்த வகைப் பெயர்களுக்கு நண்பர் ஒருவர் ‘பளிங்குப்போலி’, ‘கூழ்ப்போலி’ என்று தந்தார். சரியா?

யாழ்ப்பாணத்திலிருந்து:
தங்கச்சி, முதலாவது மிகச் சரி. அகம் அகன் ஆவதை நன்னூல் வழியில் கடைப்போலி என்கிறோமே. போலி என்றால் ஒன்றின் இடத்தில் ஒன்று போல நிற்பது. 1861இல் இரசாயனவியலாளர் தோமஸ் கிரஹாம், சவ்வினூடாகக் கடந்ததைப் பளிங்கு போன்றது என்றும் கடக்காததைப் பசை போன்றது என்றும் பிரித்தார். கிரேக்கத்தில் ‘கொல்லா’ என்றால் பசை. ஆகவே இரண்டாவது ‘பசைப்போலி’யாக வேண்டும். கூழ் என்பது பழைய தமிழில் உணவு; ஒடியற் கூழை நாளத்தில் ஏற்ற முடியாது! மானிப்பாயில் அமெரிக்க மிஷன் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்தார். நாம் ஆங்கில ஒலியை எழுதிவிட்டுப் போவதா?

சென்னையிலிருந்து:
நாளம் என்றால் எங்கள் மாணவருக்குப் புரியாது. சிரை என்று போடலாமே? அப்புறம் பளிங்கு அல்ல, படிகம்.

ஹட்டனிலிருந்து:
நாளம் இருக்கட்டும், எங்கள் பாடநூலில் அதுதான். யாழ்ப்பாணத்து சேர், மரியாதையோடு மறுக்கிறேன். கையேட்டில் படித்ததைத்தான் தாதி கட்டிலருகே சொல்வார். கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவிடம் சத்திரசிகிச்சைக்கு முன்னால் ‘போலி’ ஏற்றப்போகிறோம் என்றால் அவர் கேட்பது போலி மருந்து என்றுதான். நோயாளியைப் பயமுறுத்தும் சொல் எவ்வளவு இலக்கணச் சுத்தமானாலும் வேண்டாம். செய்யும் வேலையை வைத்து ஊடுதிரவம், தங்குதிரவம் என்று போடலாம். முதலாவதன் பெரும்பகுதி குழாய்ச் சுவரைத் தாண்டித் திசுவுக்குள் போய்விடுகிறது. மற்றது இரத்தக் குழாய்க்குள் கூடுதல் நேரம் நிற்கிறது.

கண்டியிலிருந்து:
அழகான சொற்கள், ஆனால் ஆபத்தானவை. உடல் நோயுற்றால் கொலொயிட்டும் கசியும். தங்கும் என்று நம்பித்தான் கொலொயிட் வகையான மாப்பொருள் கரைசல்களை அள்ளி ஏற்றினார்கள். கடும் நோயாளிகளின் சிறுநீரகம் கெட்டது. ஐரோப்பாவில் 2022இல் அவற்றை நிறுத்திவைத்தார்கள். அந்த நம்பிக்கையைப் பெயரிலேயே எழுதி இளம் தாதியிடம் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. ‘கிரிஸ்டலொயிட்’ என்றே எழுதுங்கள். மற்றதற்குக் ‘கூழ்மக் கரைசல்’ போதும், கூழ்மம் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

நுவரெலியாவிலிருந்து:
கண்டி சொன்னதையே போடுகிறேன். குழுவில் நான்கு பேர் தனிமடலில் சம்மதித்துவிட்டார்கள். ஒவ்வொரு பையின் பெயரும் முழுதாக வரும். வெறும் ‘சேலைன்’ எங்குமே வராது. ஹார்ட்மனில் கல்சியம் இருப்பதால் இரத்தம் ஏற்றும் அதே குழாயில் விடக்கூடாது என்ற எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
அச்சிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் ஒன்று தமிழ், ஒன்று ஆங்கிலம் என்று இரட்டையரைப் பிரித்ததற்கு நான் உடன்படவில்லை. சொல்லடைவில் ‘பளிங்குப்போலி’யையும் ஒரு வரியில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.