ராஃப்ட் போட்டும் சேலம் நோட் மட்டும் நின்னு போகுது, எங்க தப்பு?

அடிவாரம்_பையன்:
எம்.இ. கடைசி வருஷ ப்ராஜெக்ட்ங்க. ஏற்காட்டுல மாமா வேலை பாக்கற காப்பி எஸ்டேட்ல பழம் எடை போடற கணக்க இன்னும் நோட்டுப் புத்தகத்துலதான் எழுதறாங்க, அத சிஸ்டத்துக்கு கொண்டு வரலாம்னு 3 ராஸ்பெர்ரி பை 4 (குட்டி கம்ப்யூட்டர்) வாங்கி மேல 2, அஸ்தம்பட்டில எங்க வீட்ல 1 வச்சு ராஃப்ட்ல (எல்லா மெஷின்லயும் ஒரே கணக்கு இருக்க, பெரும்பான்மை ஒத்துக்கிட்டாதான் பதியற முறை) சேத்துருக்கேன், ஒவ்வொரு மெஷினும் ஒரு நோட். காத்து மழைன்னா மேல நெட் போயிடும், உடனே கீழ நோட் எதையும் எழுத விட மாட்டேங்குது, மேல ரெண்டும் அது பாட்டுக்கு ஓடுது. கைடு ப்ரோகிராம்ல பக்ங்கறார். 4 நாளா லாக் பாக்கறேன் ஒண்ணும் சிக்கல. இன்னொரு பை வாங்கி கீழயும் 2 ஆக்கிட்டா சரியாயிடுமா? அடுத்த வாரம் ரிவ்யூ

கொண்டை_ஊசி_20:
பக் இல்ல தம்பி, அது அப்படித்தான் நிக்கணும். 3ல பெரும்பான்மை 2, அது மேல இருக்கு. நெட் போறப்ப கீழ இருந்ததே லீடர்னாலும் (எழுதறத முன்னின்னு நடத்தற நோட்) மேல ரெண்டும் சேந்து புது லீடர் வச்சுக்கும், இது தனியா எழுதி வச்சது கமிட் ஆகாது (உறுதியா பதியாது), லிங்க் திரும்பினதும் அழிஞ்சுரும். 4 ஆக்கினா பெரும்பான்மை 3 ஆயிடும், லிங்க் அறுந்தா 2-க்கு 2, இப்ப கீழ மட்டும் நிக்குது அப்ப மேலயும் நிக்கும். அந்த காசுக்கு தட்டுவடை செட் சாப்பிடுங்க. கைடு கேட்டா, ப்ரூவர் 2000ல சொன்ன சிஏபி (லிங்க் அறுந்தா, எல்லா பக்கமும் ஒரே கணக்கு, எல்லா பக்கமும் வேலை நடக்கறது, ரெண்டும் சேந்து கிடைக்காது), கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் 2002ல நிரூபிச்சாங்கன்னு காட்டுங்க

சர்வர்_ரூம்:
எனக்கு வேற சந்தேகம், எடைக் கணக்குக்கு ராஃப்ட் எதுக்கு? ஒரு தடவ போட்ட எடைய யாரும் திருத்தப் போறதில்ல, புதுசு புதுசா சேந்துட்டேதான் போகும். ஒவ்வொரு நோட்டும் தன் பேரோட ஒரு வரிசை நம்பர் போட்டு தன்கிட்டயே எழுதிக்கட்டும், நெட் வந்தா ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா கொட்டிக்க வேண்டியதுதான், எந்த வரிசைல வந்தாலும் ரெண்டு தடவ வந்தாலும் மொத்தம் மாறாது. இப்படி மோதாம தானா ஒண்ணு சேர்ற டேட்டாவ சிஆர்டிடின்னு 2011ல ஷபீரோ குழு எழுதினத படிங்க

அடிவாரம்_பையன்:
அண்ணா தப்பா அடிச்ச எடைய திருத்தினா? டைம் பாத்து கடைசில வந்தத எடுத்துக்கலாமா

சர்வர்_ரூம்:
அய்யய்யோ வேணாம். பை 4ல பேட்டரி கடிகாரமே கிடையாது, கரண்ட் போய் வந்து நெட்டும் இல்லன்னா நேரம் பின்னாடி நிக்கும், புதுசா திருத்தினது பழசா தெரியும். எந்த நம்பர திருத்தறோம்னு சொல்லி திருத்தத்தையும் தனி வரியா எழுதுங்க, நம்ம ஊர் கணக்குப்பிள்ளை அடிச்சு எழுதாம கீழ எழுதுவாரே அதே மாதிரி

காப்பித்_தோட்டம்:
கம்ப்யூட்டர் எனக்கு அவ்வளவா தெரியாது, 12 வருஷமா எஸ்டேட் கணக்கு பாக்கறேன். எடை சரிங்க, முன்பணம்? ஒரு ஆளுக்கு 5000 வரைக்கும்தான், மேல ஆபீஸ்ல வாங்கிட்டு பஸ் புடிச்சு டவுன் ஆபீஸ்லயும் வாங்கினா?

கொண்டை_ஊசி_20:
சரியான கேள்வி கேட்டீங்க. அதுக்குத்தான் ரெண்டு பக்கமும் பேசிக்கணும், ராஃப்ட்ட அங்க மட்டும் வைங்க. இல்லன்னா வரம்பையே பிரிச்சுருங்க, மேல 3500 கீழ 1500, நெட் இல்லன்னாலும் அவங்கவங்க பங்குக்குள்ள குடுத்தா 5000 தாண்டவே தாண்டாது. இதுக்கு அடிப்படையான, அளவ முன்னாடியே ஒதுக்கி வைக்கற யோசனைய ஓ'நீல் 1986லயே எஸ்க்ரோன்னு எழுதிட்டார்

அடிவாரம்_பையன்:
இத வச்சே ரிவ்யூ தாட்டிரலாம் போல. நாளைக்கு மேல போய் கேபிள புடுங்கி பாத்துட்டு வந்து சொல்றேன்