சாலென் லிகண்ட் ஒட்டுது, மழைதான் காரணமா?

ஹட்டன்பிள்ளை:
ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு சாலென்னு ஒரு லிகண்ட் (உலோகத்த பிடிச்சுக்கிற மூலக்கூறு) செய்றேன். சாலிசில்ஆல்டிஹைடும் எத்திலின்டயமீனும் 2:1 அளவுல சூடான எத்தனால்ல கலந்தேன், உடனே பளிச்னு மஞ்ச மஞ்சளா தகடு மாதிரி வந்துச்சு, பாக்கவே ஆசையா இருந்துச்சு, ஆனா இங்க ஒரு கிழமையா விடாத மழை, ஃபில்டர் பேப்பர்ல இன்னமும் ஈரமா ஒட்டிக்கிட்டே இருக்கு. தண்ணி பட்டு இமீன் (அதுல இருக்கிற கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு, சி=என்) ஒடஞ்சிருக்குமா?

மலைக்காத்து:
அவ்வளவு சீக்கிரம் ஒடையாது தங்கச்சி. ஓஎச்சுக்கும் நைட்ரஜனுக்கும் நடுவுல ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கு, அது தாங்கும், அசிட் பட்டாத்தான் பயம். ஐஸ்ல வச்ச எத்தனால்ல கொஞ்சமா கழுவி, சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டர்ல (ஈரத்த உறிஞ்சிற மூடின பாத்திரம்) ஒரு ராத்திரி வைங்க. 127-128 டிகிரில சட்டுனு உருகினா சுத்தம்.

கண்டியான்:
இத வச்சு கெட்டலிஸ்ட் (வினையூக்கி) செய்யன்னா மாங்கனீஸ் போடுங்க. மாங்கனீஸ் அசிடேட் சேத்து காத்து படவிட்டு சூடாக்கினா கடும் பிரவுன் ஆகும், மாங்கனீஸோட ஆக்சிஜனேற்ற நிலை 2ல இருந்து 3க்கு போயிட்டுன்னு அர்த்தம், அதுக்கப்புறம் லித்தியம் குளோரைட். 1990ல எரிக் ஜேகப்சன்ங்கிற அமெரிக்க கெமிஸ்ட் இதே குடும்பத்து கைரல் (இடது கை வலது கை மாதிரி பிம்பத்தோட பொருந்தாத) மாங்கனீஸ் காம்ப்ளெக்ஸ வச்சுத்தான் அல்கீன (கார்பன் இரட்டைப் பிணைப்பு உள்ளது) எபொக்சைடா (ஆக்சிஜன் சேந்த முக்கோண வளையம்) மாத்தினார், பிறகு ஆக்சிஜன் குடுக்க சாதாரண ப்ளீச்சே போதும்னு ஆச்சு, எனக்கு ரொம்ப புடிச்ச கெமிஸ்ட்ரி இது! மாங்கனீஸ் ஒட்டிச்சான்னு தெரிய, ஐஆர்ல (அகச்சிவப்பு நிறமாலை) 1635 செ.மீ⁻¹ பக்கம் இருக்கிற சி=என் பீக் கீழ எறங்குதான்னு மறக்காம பாருங்க.

ஹட்டன்பிள்ளை:
காஞ்சிருச்சு அண்ணா, 127ல உருகிச்சு! நாளைக்கே மாங்கனீஸ் போடுறேன்.