குளச்சலில் 42யூ ரேக்: மாடியில் ஏற்றி நிறுத்துவது எப்படி?

கேள்வி: கடற்கரைப் பக்கம் அலுவலகம், முதல் மாடி, டைல்ஸ் தரை. 42யூ ரேக் (சர்வர் கம்ப்யூட்டர்களை அடுக்குற இரும்புச் சட்டம்), நாலு 2யூ சர்வர், ஒரு யூபிஎஸ். எதை முதல்ல செய்யணும் அண்ணாச்சி?

பதில் 1: ரேக்கைக் காலியாத்தான் ஏத்தணும். கதவு, பக்கத் தகடு எல்லாம் கழட்டிருங்க. யூ-ங்கறது ரேக்கோட உயர அளவு, 1யூ 44.45 மி.மீ.; 42யூ-க்கு உள்ளளவே 1.87 மீட்டர், சட்டமும் சக்கரமும் சேர்ந்தா 2 மீட்டரை ஒட்டி வரும். நிலைவாசலையும் படி திருப்பத்தையும் முன்னாடியே அளந்துருங்க. சக்கரம் தள்ளிட்டுப் போக மட்டும்தான். இடத்துக்கு வந்ததும் ரேக்கோட காலை இறக்கி ரசமட்டம் பாருங்க. டைல்ஸைத் தட்டினா பொள்ளல் சத்தம் கேட்டா காலுக்கடியில இரும்புத் தகடு போடணும், இல்லேன்னா விரிசல் விடும்.

பதில் 2: யூபிஎஸ் அடியில. பேட்டரியைக் கழட்டி வச்சிட்டு ஏத்தி, பிறகு மாட்டுங்க. சர்வருக்கு ரெண்டு ஆள் கட்டாயம். ரேக்கைத் தரையோட போல்ட் பண்ணாம சர்வரை ரெயில்ல (சர்வர் நகர்ற பக்கத் தண்டவாளம்) வெளியே இழுக்காதீங்க. ஒரே நேரத்துல ரெண்டை இழுத்தா முன்னால கவிழும். ரேக் சட்டத்துல ஒவ்வொரு யூ-வுக்கும் மூணு துளை, இடைவெளி 15.9, 15.9, 12.7 மி.மீ. ஒரு துளை மாறினாலும் ரெயில் சேராது. மனசுல எண்ணுறதை நம்பாம மார்க்கர்ல குறிச்சுக்கோங்க.

பதில் 3: எர்த்தை மறந்துட்டீங்களே! எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே முடுக்கினா தொடர்பு கிடைக்காது. சுரண்டி, பல் வாஷர் போட்டு முடுக்குங்க. கதவுக்கும் தனி பச்சை-மஞ்சள் வயர். உப்புக்காத்துல அந்த இடம் துருப்பிடிக்கும், அப்பப்ப பாருங்க. ஜன்னலை அடைச்சிருங்க. ஏசி ரேக்குக்கு நேர் மேல வேண்டாம், தண்ணி சொட்டும்.