வால்வு ஆபரேஷனுக்கு அப்புறம் ஹார்ட் பிளாக்: காத்திருக்கலாமா, பேஸ்மேக்கர்தானா?

காங்கேயத்துக்காரன்:
அய்யனுக்கு 66 வயசுங்க. கோவையில் அயோர்டிக் வால்வு (இதயத்திலிருந்து பெரிய ரத்தக்குழாய்க்குப் போகும் வாசலில் இருக்கும் வால்வு) மாற்றினார்கள். பழைய வால்வு சுண்ணாம்பு கட்டிக் கல்லாகக் கிடந்ததாம், அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசைத் தைத்தார்கள். அன்றிலிருந்து மேல் அறைத் துடிப்பு கீழ் அறைக்குப் போய்ச் சேரவில்லை. நெஞ்சுக்குக் கீழே தோல் வழியாக மெல்லிய வயர்கள், அதற்கொரு பெட்டி. அதுதான் நிமிடத்துக்கு 80 துடிப்பு கொடுக்கிறது. இன்று ஆறாம் நாள். இன்னும் இரண்டு நாளில் சொந்தத் துடிப்பு வராவிட்டால் பேஸ்மேக்கர், அதாவது துடிப்பு கொடுக்கும் சின்ன மெஷினைத் தோலுக்கடியில் நிரந்தரமாக வைக்கணும் என்கிறார் டாக்டர். ஒரு மாசம் பொறுத்தால் தானாக வந்துவிடாதா? காசு பிடுங்கும் வேலை என்று மாமா ஒருத்தர் முடிவே கட்டிவிட்டார்.

ஈரோடு ஐசியு நர்ஸ்:
காசு விஷயம் இல்லீங்ண்ணா. துடிப்பைக் கடத்தும் நரம்பு மாதிரியான இழை அயோர்டிக் வால்வை ஒட்டிக் கீழேதான் ஓடுகிறது. சுண்ணாம்பு எடுக்கும்போது நசுங்கி வீங்கியிருந்தால் சில நாளில் வடிந்து துடிப்பு திரும்பும். அறுந்தோ, தையலில் மாட்டியோ இருந்தால் கஷ்டம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால்தான் 5 முதல் 7 நாள் வரை பார்ப்பது. ஒரு மாசம் அந்த வயரை நம்ப முடியாதுங்க. நாளாக ஆகப் பிடிப்பு குறைந்து அதிகக் கரண்ட் கேட்கும். ராத்திரி ஒரு மணிக்குப் பிடிக்காமல் போனால்? பெட்டியைக் குறைத்தால் சொந்தத் துடிப்பு எத்தனை என்று கேளுங்கள். துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை போகிறதா என்றும் கேளுங்க.

பல்லடம் தறிக்காரன்:
எனக்கும் 2019இல் இதே கதை. எட்டாம் நாள் வைத்தார்கள். மூணு மாசம் கழித்துச் செக்கப் போனால், மெஷின் வேலை செய்தது வெறும் 4 சதவீதம், மீதியெல்லாம் சொந்தத் துடிப்பு! வீணாக வைத்துவிட்டீர்களே என்று சத்தம் போட்டேன். "அந்த நாலை யாருங்க பார்ப்பாங்க?" என்றார் டெக்னீசியன். பேசாமல் வந்துவிட்டேன். இப்போதும் தறி ஓட்டுகிறேன். முதல் ஒரு மாசம் மெஷின் வைத்த பக்கத்துக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, செல்போனை அந்தப் பக்கச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

காங்கேயத்துக்காரன்:
எட்டாம் நாள் காலையில் பெட்டியைக் குறைத்துப் பார்த்தார்கள், சொந்தத் துடிப்பு நிமிடத்துக்கு 34ஐத் தாண்டவில்லை. சாயங்காலமே வைத்தாச்சு. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. தோலை மரக்கவைக்கும் ஊசி மட்டும்தான் என்பதால் அய்யன் மேஜையில் படுத்தபடியே டாக்டரிடம் கேட்டது: "கெணத்து மோட்டாரு போடலாமுங்களா?"

ஈரோடு ஐசியு நர்ஸ்:
காயம் ஆறினதும் போடலாமுங்க. ஓடுகிற மோட்டார் மேல் நெஞ்சைச் சாய்த்துக் குனிய வேண்டாம், ஒரு முழம் தள்ளியே நிற்கட்டும். அதற்குள் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து வையுங்கண்ணா.