சாயங்காலம் ஏழு மணி

பிள்ளையை அடிக்கிற பெற்றோரிடம் பேசிப் பார்த்த அனுபவம் இருந்தால் எழுதச் சொல்லியிருந்தீர்கள். நான் சென்னை கண்ணகி நகரில் அங்கன்வாடி டீச்சராக இருந்தவள். முதலில் நான் சொதப்பிய கதை.

நாலு வயசுப் பெண் குழந்தை. ஒரு நாள் உட்காரவே மாட்டேன் என்று நின்றுகொண்டே சாப்பிட்டாள். பாவாடையை விலக்கிப் பார்த்தால் தொடையில் கரண்டிக் காம்பு அகலத்துக்குச் சூடு. ஓரமெல்லாம் கொப்புளம். சாயங்காலம் கூட்டிப்போக வந்த அம்மாவை வாசலிலேயே நிறுத்தி, நாலு பேர் பார்க்க, "1098க்குப் போன் போட்டா மூணு வருஷம் உள்ள போவ, தெரியுமா?" என்று கத்தினேன். 1098 குழந்தைகள் உதவி எண். சொன்ன சட்டமும் சரிதான். 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு, மூன்று வருஷம் வரை சிறை. ஆனால் போன் போடவில்லை, கத்தியதோடு சரி. சத்தம் போடாமல் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், 1098க்கும் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது நேர் தலைகீழ்.

மறுநாளிலிருந்து குழந்தை வரவில்லை. மூன்று வாரம். அம்மா வேலைக்குப் போனபின் பூட்டிய வீட்டுக்குள் ஏழு வயசு அண்ணனோடு பகல் முழுக்க இருந்திருக்கிறாள். திரும்ப அழைத்து வந்தது எங்கள் அங்கன்வாடி ஆயா. அடுத்த பிளாக்கில் குடியிருப்பவர். போய் ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லையாம். "புள்ள பங்கு முட்டை மிச்சமாவுது, அனுப்பிவுடு" என்று மட்டும் சொன்னாராம். புண்ணுக்கு மருந்து போட அந்தம்மாவையும் கூடவே கூட்டிப்போனார்.

எங்கள் பகுதியைத் தெரியாதவர்களுக்கு: 2000ஆம் வருடத்தையொட்டி நகரத்துக்குள் ஆற்றங்கரையிலும் சாலையோரத்திலும் குடிசை போட்டிருந்தவர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம். வீடு இங்கே வந்தது, வேலை அங்கேயே நின்றுவிட்டது. மயிலாப்பூரிலும் அடையாறிலும் பாத்திரம் தேய்க்கிற பெண்கள் விடியும் முன் பஸ் பிடிக்கிறார்கள். பழைய இடத்தில் பாட்டி இருந்தாள், சித்தி இருந்தாள், அழுகிற குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொள்ள எதிர்வீட்டு அக்கா இருந்தாள். இங்கே ஒருத்தி இந்த பிளாக்கில், இன்னொருத்தி எங்கேயோ.

பிறகு ஒரு தொண்டு நிறுவனம் பெற்றோர் கூட்டம் நடத்தியது. வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை. முதல் வாரம் நிறுவனத்திலிருந்து வந்தவர், "உங்களில் யார் பிள்ளையை அடிப்பீர்கள்?" என்று கேட்டார். ஒரு கைகூட உயரவில்லை. ஒரு பாட்டி மட்டும், "முருங்கைய ஒடிச்சு வளக்கணும், புள்ளைய அடிச்சு வளக்கணும்" என்றார். பக்கத்தில் இருந்த இன்னொரு பாட்டி, "நீயும்தான் ரெண்டு பேர ஒடிச்சு வளத்த, எங்கடி துளிர்த்தானுங்க?" என்று கேட்க, கூட்டம் சிரித்துக் கலைந்தது.

அடுத்த வாரம் ஆயா வேறு மாதிரி கேட்டார்: "உங்களுக்கு எந்த நேரத்துல கோவம் தலைக்கேறுது?" ஒரே சத்தம். ஏழு மணி! வேலைக்குப் போய் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பாள், குடம் தூக்க வேண்டும், அடுப்பு பற்றவைக்க வேண்டும், பையன் நோட்டை நீட்டுவான், சின்னது காலைக் கட்டும், புருஷன் குடித்துவிட்டு வருவானோ என்று காது வாசலில் இருக்கும். அந்த நேரத்தில் யார் கையில் என்ன கிடைக்கிறதோ அதுதான் அடி.

அங்கிருந்துதான் உண்மையான பேச்சே ஆரம்பித்தது. தினம் பத்து நிமிஷம் பிள்ளை இஷ்டத்துக்கு அதோடு விளையாடுங்கள் என்றபோது, "நான் குளிக்கிறதே அஞ்சு நிமிஷம்தாங்க" என்றாள் ஒருத்தி. சரி, பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் உட்காரவைத்து ஐந்து நிமிஷம் பேச விடு என்று பேரம் படிந்தது. கை ஓங்கினால் வெளியே போய் எட்டுப் படி இறங்கி ஏறிவிட்டு வருவது என்று இன்னொன்று. ஆனால் என் பார்வையில் பாதிக்கு மேல் வேலை செய்தது வேறு: ஒரே மாடியில் மூன்று பேர் சேர்ந்து, ஆறிலிருந்து ஏழரை வரை ஒருத்தி எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது, மற்ற இருவர் தண்ணீரும் அடுப்பும் பார்ப்பது என்று முறை வைத்துக்கொண்டார்கள். அதை நாங்கள் சொல்லித்தரவே இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பாலியல் சீண்டல் என்று தெரிந்தால் இந்தக் கூட்டம், ஆலோசனை எதுவும் கிடையாது. 2012ஆம் வருட போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் சொல்லியே ஆக வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

*இலங்கை, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து:*

டீச்சர், உங்கள் ஏழு மணி எங்கள் தோட்டத்தில் காலை ஆறரை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் கூலி. தாய்மார் வேலைக்குப் போனபின் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் நான் வேலை செய்கிறேன். இங்கே கதை கொஞ்சம் வேறு. தாய் குவைத்தில், பிள்ளை அம்மாயியோடு (தாயின் அம்மா) லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில். ஒன்பது வயசுப் பையனுக்கு முதுகெல்லாம் விறகுத் தழும்பு. அம்மாயியிடம் கேட்டால், "நான் அடிக்காட்டி, அவ வந்து எம் புள்ளயக் கெடுத்துட்டியேன்னு கேக்க மாட்டாளா?" என்று அழுகிறார். அடிப்பது தன் பொறுப்பு என்றே நினைத்திருக்கிறார். சிறுவர் உதவிக்கான 1929 இலக்கம் காம்பராச் சுவரில் ஒட்டித்தான் இருக்கிறது. அதைச் சொல்லி மிரட்டாமல் மகளிடம் பேசினோம். மகள் வாட்ஸ்அப்பில் குரல் பதிந்து அனுப்பினாள்: "அம்மா, அவன் மார்க்ஸ் குறைஞ்சா ஒன்னய நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், நீ நல்லாத் தூங்கு." அதை அம்மாயி நாலைந்து தரம் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். விறகு அடுப்புக்குப் போனது.

*சமூகப்பணி படித்தவன்:*

ஏழை வீட்டில்தான் அடி என்று யாரும் நினைக்க வேண்டாம். மத்திய அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பேர் அடி உதை பட்டவர்கள்.

தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப்பில் 'சினோவுயோ டீன்' என்று ஒரு பயிற்சி நடத்தினார்கள். பெற்றோரும் வளரிளம் பிள்ளையும் சேர்ந்து வர வேண்டும், 14 அமர்வுகள். வீட்டு வரவு செலவு, சேமிப்புகூட அதில் பாடம். 40 இடங்களில் 552 குடும்பங்களை வைத்துச் சோதித்தார்கள். அடிப்பது கணிசமாகக் குறைந்தது என்றார்கள் பெற்றோர். அதே வீட்டுப் பிள்ளைகளின் பதிலில் அடி அப்படிக் குறைந்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகளைக் கவனிப்பதும் அவர்களோடு நேரம் செலவிடுவதும் கூடியது என்பதில் இரண்டு தரப்பும் ஒத்துப்போனது. உங்கள் கூட்டத்தில் பிள்ளைகளைக் கேட்டீர்களா டீச்சர்?

*கண்ணகி நகர் டீச்சர்:*

நாலு வயசுப் பிள்ளையிடம் என்னவென்று கேட்பது தம்பி? ஆனால் சொப்பு விளையாட்டைப் பார்ப்பேன். அதில் பொய் கிடையாது. அந்தச் சூடுபட்ட குழந்தை திரும்பி வந்த புதிதில் பொம்மையைக் குப்புறப் போட்டு, பிளாஸ்டிக் கரண்டியை அடுப்பில் காட்டுகிற மாதிரி காட்டிவிட்டு, அதன் காலில் வைப்பாள். வாயால் "ஸ்ஸ்" என்று சத்தம் வேறு. எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கூட்டம் ஆரம்பித்து நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள், பொம்மையை உட்காரவைத்து விரலை நீட்டி, "இரு, அம்மா படி எறங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். வந்து, பொம்மை முதுகில் ஒன்று வைத்தாள். கையால்தான். கரண்டி சொப்புக்கூடையிலேயே கிடந்தது.